"எனக்கு ஒண்ணும் பண்ணல" என்கிற அப்பாவுக்கு வாங்கிய காற்றுச் சுத்திகரிப்பான்: ஈராண்டு அனுபவம்

சிங்கப்பூரின் ஈசூனில் நாலறை வீடு, பத்தாவது மாடி. நான், கணவர், பாலிடெக்னிக்கில் படிக்கும் மகன், 80 வயது அப்பா. அப்பாவின் அறையில் 2023 அக்டோபரிலிருந்து ஒரு காற்றுச் சுத்திகரிப்பான் ஓடுகிறது. வாங்குவதற்கு முன் நான் தேடிப் படித்த விமர்சனங்கள் பெரும்பாலும் தும்மல் வரும் பிள்ளைகளுக்கோ பூனை வளர்ப்பவர்களுக்கோ எழுதியவை. வீட்டில் வயதானவர் இருந்தால் எதைப் பார்த்து வாங்குவது என்று ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பிராண்டு பெயரைப் போடவில்லை. கடைக்குப் போனால் மாடல் மாறியிருக்கும். எந்த எண்ணைப் பார்த்து வாங்கினேன், வீட்டில் அது எப்படி நடந்துகொண்டது என்பதுதான் உங்களுக்கு உதவும். விலை 289 வெள்ளி. மாற்று ஃபில்டர் 65 வெள்ளி.

முதலில் 2019 கதையைச் சொல்லிவிடுகிறேன். அது இல்லாமல் இந்தப் பெட்டியை நான் எந்தக் கண்ணோடு பார்க்கிறேன் என்பது புரியாது.

அந்த ஆண்டு செப்டம்பர் 14, சனிக்கிழமை, காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டியது, அதாவது காற்று உடல்நலத்துக்குக் கேடு என்ற நிலைக்குப் போனது. கார்ப்பந்தயம் நடந்த அடுத்த வாரக் கடைசி வரை புகைமூட்டம் விட்டு விட்டு இருந்தது. மகனுக்கு அப்போது 12 வயது. முதல் நாளே "தொண்டை அரிக்குதும்மா" என்று ஆரம்பித்துவிட்டான். கண் சிவந்து, இருமி, ராத்திரி தூங்காமல் எங்களையும் தூங்க விடவில்லை. எனக்கு இரண்டாம் நாள் தலைவலி. அப்பா மட்டும் வழக்கம்போல் விடியற்காலை ஐந்தே முக்காலுக்குக் கீழே இறங்கி, ஈசூன் குளத்தைச் சுற்றி நடந்து, காப்பிக்கடையில் ஒரு கோப்பி ஓ குடித்துவிட்டு வந்தார். வேண்டாம்ப்பா என்றால், "எனக்கு ஒண்ணும் பண்ணலம்மா. 400 போனப்பவே நான் வேலைக்குப் போனவன்" என்பார். அவர் சொல்வது 2013 ஜூன் 21. அன்று குறியீடு 401-ஐத் தொட்டது. அப்போது அவருக்கு 68 வயது, ஒரு தொழிற்சாலை வாசலில் பாதுகாவலர் வேலை.

நாங்கள் மகனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். சத்தம் போடுகிறவனிடம்தானே கவனம் போகும். அவன் அறையில் ஏர்கான், அவனுக்குத் தேன், அவனுக்கு முகக்கவசம். அப்பா ஐந்தாம் நாள் இரவு பாதிச் சோற்றை மூடி வைத்தார். வாயு என்றார். காலுறையைக் கழற்றியபோது கணுக்காலில் அழுத்தமாகப் பள்ளம் விழுந்திருந்ததைப் பார்த்தேன், பார்த்தும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. ஏழாம் நாள் அதிகாலை மூன்று மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தவள், சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்தேன். அப்போதும் "ஒண்ணுமில்ல, நீ போய்ப் படு" என்றுதான் சொன்னார்.

அவசரப் பிரிவில் இதயம் திணறுகிறது, நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்றார்கள். நான்கு நாள் வார்டில் இருந்தார். புகையால்தானா என்று கேட்டேன். வார்டில் இருந்த இளம் மருத்துவர் ஒரு தமிழ்ப் பெண். அது ஒன்றையே காரணமாகச் சொல்ல முடியாது, ரத்த அழுத்தம் பல ஆண்டாக இருக்கிறது என்றார். அப்புறம் நான் அப்பாவின் மேல் கோபமாக, "கேட்டா ஒண்ணுமில்லன்னே சொல்றாரு டாக்டர்" என்றதும், அவர் சொன்னது:

"அப்பா பொய் சொல்லலக்கா. அவருக்கு உண்மையிலேயே அவ்வளவா தெரிஞ்சிருக்காது."

வயதாகும்போது மூச்சுக்குழாய் சுருங்குவதை உணரும் திறனே மங்குகிறதாம். அதே அளவு சுருக்கம் ஏற்பட்டாலும் இளையவருக்கு மார்பில் இறுக்கம் தெரியும், முதியவருக்குக் குறைவாகத்தான் தெரியும். என் மகனின் உடம்பு முதல் நாளே கத்தியது. அப்பாவின் உடம்பு கத்தாமல் தாங்கி, தாங்கி, ஏழாம் நாள் உட்கார்ந்துவிட்டது. "எனக்கு ஒண்ணும் பண்ணல" என்ற சொல்லை நம்பி இனிமேல் எதையும் முடிவு செய்யக் கூடாது என்று அன்றைக்கு எனக்குள் எழுதிக்கொண்டேன். பெட்டியில் எண் காட்டும் திரை இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் இதுதான்.

பிறகு படித்ததையும் பலதுறை மருந்தகத்தில் ஒவ்வொரு முறையும் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் கொஞ்சம் சொல்கிறேன். வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் விற்பவர் சொல்வதை எடைபோட முடியும்.

நுரையீரலின் திறன் இருபத்தைந்து வயதை ஒட்டி உச்சத்தில் இருக்கிறது. பிறகு ஒரு வினாடியில் ஊதித் தள்ளக்கூடிய காற்றின் அளவு, புகைபிடிக்காதவருக்கே ஆண்டுக்கு 25 முதல் 30 மில்லிலிட்டர் வரை குறைந்துகொண்டு வருகிறது. 80 வயதுக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் போயிருக்கும். விலாக்கூடு விறைக்கிறது, நுரையீரலின் சுருங்கி விரியும் தன்மை தளர்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து செய்தி பார்க்கும்போது இதெல்லாம் தெரியாது, ஏனென்றால் உடம்பு நிறையக் கையிருப்பு வைத்துத்தான் வாழ்க்கையைத் தொடங்குகிறது. கஷ்டமான நாளில் எடுத்துச் செலவு செய்யப் போகும்போதுதான் பை எவ்வளவு இளைத்திருக்கிறது என்று தெரிகிறது. புகைமூட்டம் அப்படிப்பட்ட ஒரு நாள்.

மூச்சுக்குழாய்ச் சுவரில் நுண்மயிர்கள் இருக்கின்றன. அவை சளியை மேலே மேலே தள்ளி, அதில் ஒட்டிய தூசியையும் சேர்த்து வெளியேற்றுகின்றன. வயதானால் அந்தத் துடைப்பம் மெதுவாகிறது, இருமலும் மந்தமாகிறது. மகன் இருமி இருமித் துப்பியதைப் பார்த்து நான் பதறினேன். அவன் உடம்பு தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. தாத்தா இருமவே இல்லை. ஒரே காற்றைத்தான் இருவரும் இழுத்தார்கள், தாத்தாவுக்குள் போன தூசி கூடுதல் நேரம் தங்கியது.

சுமத்ராவிலும் கலிமந்தானிலும் கரிச்சதுப்பு நிலம் எரியும்போது வருகிற புகையில் முக்கியமான ஆபத்து பிஎம் 2.5 என்ற நுண்துகள். தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இருக்காது, அதனால் காற்றறைகள் வரை நேராகப் போய்விடும். அங்கே நுரையீரலின் உட்புறத்தை நனைத்திருக்கும் மெல்லிய திரவத்தில் குளுட்டாதயோன் போன்ற காப்புப் பொருள்கள் உள்ளன. அவையும் வயதோடு குறைகின்றன. நோயெதிர்ப்பு அமைப்பு வயதான பிறகு ஒரு விசித்திரமான நிலைக்கு வருகிறது: கிருமி வந்தால் எழுந்திருக்கத் தாமதம், ஆனால் கிருமி இல்லாதபோதும் லேசான அழற்சி ஓயாமல் இருந்துகொண்டே இருக்கிறது. நீறு பூத்த நெருப்பு என்போமே, அதேதான். நுண்துகள் வந்து அதை விசிறிவிடுகிறது.

அழற்சி நுரையீரலோடு நிற்பதும் இல்லை. ரத்தம் உறையும் போக்கு கூடுகிறது, ரத்தக்குழாய்கள் இறுகுகின்றன, இதயத் துடிப்பைத் தேவைக்கேற்ப ஏற்றி இறக்கும் நரம்புக் கட்டுப்பாடு பலவீனமாகிறது. அப்பா வயதில் குழாய்கள் ஏற்கெனவே விறைத்தவை. அதனால்தான் அவருக்கு இருமல் வராமல் கால் வீங்கியது. 1952 டிசம்பரில் லண்டனை ஐந்து நாள் மூடிய நச்சுப் பனிமூட்டத்தில் அன்றைய கணக்குப்படியே சுமார் 4,000 பேர் இறந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். நுரையீரல் நோயோடு இதய நோயும் அங்கே உயிரைப் பறித்தது. 2015 புகைமூட்டத்தில் செப்டம்பர் 25 அன்று இங்கே பள்ளிகளை மூடினார்களே, அன்று நான் மகனை வீட்டில் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தேன். அப்பா எங்கே போனார் என்று யோசிக்கக்கூட இல்லை.

சரி, பெட்டி வாங்கினால் பலன் உண்டா? நான் நம்பி வாங்கியது இரண்டு ஆய்வுகளைப் படித்த பிறகு. டென்மார்க்கின் கோப்பன்ஹேகனில் 60 முதல் 75 வயது வரையுள்ள, புகைபிடிக்காத 21 தம்பதியரின் வீடுகளில் 48 மணி நேரம் காற்றை வடிகட்டிப் பார்த்தார்கள், நுண்ரத்தக்குழாய்களின் செயல்பாடு சுமார் 8 விழுக்காடு மேம்பட்டது. அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் குறைந்த வருமான முதியோர் குடியிருப்பில் 40 பேரைக் கொண்டு செய்து, 2018-இல் வெளியான சோதனையில், மூன்று நாள் வடிகட்டியதில் மேல் ரத்த அழுத்தம் சராசரியாகச் சுமார் 3 புள்ளி இறங்கியது. இரண்டுமே சிறிய, குறுகிய காலச் சோதனைகள். ஆனாலும் அந்த 40 பேர் அப்பாவைப் போன்றவர்கள்: வயதானவர்கள், பெரும்பாலும் வீட்டுக்குள் இருப்பவர்கள். எனக்கு அது போதுமாக இருந்தது.

நான் முதலில் வாங்கியது இந்தப் பெட்டி அல்ல. 2019-இல் அப்பா வார்டில் இருந்தபோதே அவசர அவசரமாக இணையத்தில் 79 வெள்ளிக்கு ஒன்று வாங்கினேன். ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் புட்டி உயரம், நீல வெளிச்சம், அயனி வேறு வெளியிடும் என்று போட்டிருந்தது. இரண்டு தவறுகள் நடந்தன. ஒன்று, அயனி வெளியிடும் கருவிகளில் சில ஓசோனையும் உண்டாக்கும், ஓசோன் நுரையீரலை எரிச்சலூட்டும் வாயு. இதை வாங்கிய பிறகுதான் படித்தேன், அந்தப் பொத்தானை அணைத்தே வைத்தேன். இன்னொன்று, பெட்டிக்குள்ளே ஃபில்டர் பிளாஸ்டிக் உறையோடு வருகிறது. அதைக் கழற்ற வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, கையேட்டில் பொடி எழுத்தில் இருந்தது. மூன்று வாரம் உறையோடு ஓட்டியிருக்கிறேன். காற்று சுத்தமாகிறது என்று நம்பி, அப்பாவை அந்த அறைக்குள்ளேயே இருக்கச் சொல்லி. தயவுசெய்து, எந்தப் பிராண்டு வாங்கினாலும் முதல் வேலையாகத் திறந்து பாருங்கள்.

2023 அக்டோபர் 7-ஆம் தேதி மறுபடியும் தீவின் சில பகுதிகளில் குறியீடு 100-ஐத் தாண்டியது. அன்று மாலையே தேக்கா பக்கம் ஒரு மின்சாதனக் கடைக்குப் போனேன். விற்பனையில் இருந்த தம்பி நல்ல பையன், பொறுமையாகத்தான் பேசினார்.

"அக்கா, இது 60 ஸ்குவேர் மீட்டர் கவர் பண்ணும். ஹால்ல வெச்சா வீடு முழுக்கப் போதும்."

"அறைக் கதவை மூடிக்கிட்டுத் தூங்குறவருக்கு ஹால்ல வெச்சு என்ன தம்பி பண்றது? சிஏடிஆர் எவ்வளவு?"

அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பார்த்தோம். மணிக்கு 260 கன மீட்டர். சுத்தமான காற்றை மணிக்கு எவ்வளவு தருகிறது என்பதுதான் இந்த எண், பெட்டி மேல் நீங்கள் தேட வேண்டியதும் இதைத்தான். கணக்கு எளிது. அப்பாவின் அறை மூன்றரைக்கு மூன்று மீட்டர், உயரம் 2.6 மீட்டர். பெருக்கினால் சுமார் 27 கன மீட்டர். மணிக்கு ஐந்து முறையாவது அந்தக் காற்று வடிகட்டப்பட வேண்டும் என்று வைத்தால் 135 தேவை. 260 என்பது தாராளம். அந்தத் தம்பி சொன்ன 60 சதுர மீட்டருக்கு அதே 260-ஐப் பகிர்ந்தால் மணிக்கு இரண்டு முறைகூட வராது. "இவ்வளவு பரப்புக்குப் போதும்" என்ற வாசகம் இப்படித்தான் பெரிதாகிறது.

ஆனால் கடையில் நான் கவனிக்காமல் விட்ட ஒன்றும் உண்டு. அந்த 260 உச்ச வேகத்துக்கு உரியது. உச்ச வேகத்தில் பெட்டி மழை பெய்வதுபோல இரைகிறது, அப்பாவால் தூங்க முடியவில்லை. தூக்க முறையில் வைத்தால் சத்தமே இல்லை, ஆனால் காற்றும் இல்லை. கையேட்டின் கடைசிப் பக்கத்தில் போட்டிருந்தபடி அந்த வேகத்தில் சுமார் 60 கன மீட்டர்தான், அதாவது மணிக்கு இரண்டு முறை சொச்சம். ஆகவே நடு வேகத்தில் வைத்திருக்கிறோம். மின்விசிறிச் சத்தத்தோடு அது கலந்துவிடுகிறது. வயதானவர்களுக்குத் தூக்கம் லேசானது, தூங்கும் வேகத்தில் எவ்வளவு காற்று வரும் என்று கேட்டு, அதை வைத்து அறைக் கணக்கைப் போடுங்கள். இதை மட்டும் முன்பே தெரிந்திருந்தால் இன்னும் ஒரு படி பெரிய மாடலை வாங்கியிருப்பேன்.

ஃபில்டர் ஹெப்பா எச்13 தரம். வடிகட்ட மிகக் கடினமான அளவுள்ள துகள்களிலேயே 99.95 விழுக்காட்டைப் பிடிக்க வேண்டும் என்பது அந்தத் தரம். "ஹெப்பா மாதிரி", "ஹெப்பா வகை" என்று எழுதியிருந்தால் விட்டுவிடுங்கள்.

இனி எண் காட்டும் திரை. சாதாரண நாளில் சன்னல் திறந்திருக்கும்போது அப்பாவின் அறையில் பிஎம் 2.5 அளவு கன மீட்டருக்கு 12 முதல் 20 மைக்ரோகிராம் வரை இருக்கும். சன்னலை மூடிப் பெட்டியை ஓட்டினால் இருபது நிமிடத்தில் 4 அல்லது 5-க்கு இறங்கும். உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் திருத்திய அளவுகோலில் ஒரு நாள் சராசரி 15, ஆண்டுச் சராசரி 5. இங்கே தேசிய சுற்றுப்புற வாரியம் ஒரு மணி நேர அளவில் 55 வரை வழக்கமான நிலை என்று வகைப்படுத்துகிறது. ஒரு மணி நேர அளவும் நாள் சராசரியும் வெவ்வேறு, ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளாதீர்கள். நான் வெளிக்காற்றுக்கு மைஎன்வி செயலியில் வடக்கு வட்டாரத்தைப் பார்க்கிறேன், உள்ளுக்குப் பெட்டியின் திரையைப் பார்க்கிறேன். பெட்டியின் உணரி ஆய்வகக் கருவி கிடையாது. நீராவியைக்கூடச் சில நேரம் தூசி என்று எண்ணிவிடும். அப்பாவுக்குச் சளி பிடித்து ஆவி பிடித்தபோது 200 காட்டியது. ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்ப்பதற்கு அது போதும்.

அந்தத் திரை எனக்குக் காட்டிக்கொடுத்த ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். புகைமூட்டம் ஆண்டில் சில நாள், அதுவும் எல்லா ஆண்டும் வருவதில்லை. எங்கள் வீட்டுக்குள் நாங்களே உண்டாக்கும் புகை வாரம் முழுக்க இருக்கிறது. கடுகு, மிளகாய் தாளித்து வஞ்சிரம் வறுத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமையலறையிலிருந்து இரண்டு கதவு தள்ளியிருக்கும் அப்பாவின் அறையில் 180. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டுத் தட்டை அறை அறையாகக் கொண்டுபோனபோது 340. அம்மா இருந்தவரை அவர் செய்தது அது, அம்மா போன பிறகு நான் விடாமல் செய்கிறேன். அந்த எண்ணைப் பார்த்து எனக்குக் கை நடுங்கியது. அப்பா கண்ணை மூடிக்கொண்டு அந்த வாசனையை இழுத்துக்கொண்டிருந்தார்.

நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவருக்கு அதுவும் ஓர் இழப்புதான். இப்போது சாம்பிராணி கூடத்தில், சன்னல்கள் திறந்திருக்க, சாமி படத்துக்கு முன் மட்டும். அப்பாவின் அறைக் கதவு அந்த நேரம் மூடியிருக்கும், பெட்டி உச்ச வேகத்தில் ஓடும். முடிந்த பிறகு அவர் வந்து கும்பிட்டுவிட்டு, நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு போவார். ஊதுபத்தியை ஒன்றாகக் குறைத்துவிட்டேன். மீன் வறுக்கும்போது புகைபோக்கி விசிறி கட்டாயம். சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் கீழே சீன அண்டை வீட்டார் காகிதம் எரித்துப் படைக்கும் மாலைகளில் அந்தப் பக்கத்துச் சன்னலை இரண்டு மணி நேரம் மூடிவைக்கிறோம். அவர்கள் தங்கள் முன்னோரை நினைக்கும் நேரம் அது, அவர்களிடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. நம் சன்னல் நம் கையில்.

குறைகளுக்கு வருகிறேன்.

பெரிய குறை, பெட்டியின் குறை என்பதைவிட இந்த ஊரின் வெப்பத்தோடு சேர்ந்த குறை. சன்னலை மூடினால்தான் பெட்டிக்கு வேலை. மூடினால் பிற்பகலில் அறை கொதிக்கிறது. முதியவர்களுக்கு வியர்ப்பதும் குறைவு, தாகம் எடுப்பதும் குறைவு, மூச்சு முட்டுவது தெரியாதது போலவே தாகமும் தெரியாது. புகைக்குப் பயந்து வெப்பத்தில் அடைத்துவைத்தால் அது இன்னொரு ஆபத்து. அதனால் புகைமூட்ட நாளில் அப்பா அறையில் ஏர்கானையும் 27-இல் போடுகிறோம். சுவரில் மாட்டும் ஏர்கான் வெளிக்காற்றை உள்ளே இழுப்பதில்லை, அறைக் காற்றையேதான் சுற்றுகிறது, அதன் வலை நுண்துகளைப் பிடிக்காது. எனவே இரண்டும் சேர்ந்துதான் ஓட வேண்டும். மற்ற நாளில் காலையிலும் மாலையிலும் ஒரு மணி நேரம் சன்னலை விரியத் திறந்துவைக்கிறோம். எப்போதும் மூடியிருந்தால் அறையில் கரியமிலவாயு தேங்கும், அதை இந்தப் பெட்டி எடுக்காது. எரியும் புகையோடு வரும் வாயுக்களையும் அதில் உள்ள மெல்லிய கரித்தாள் பெரிதாகப் பிடிப்பதில்லை. மீன் வாடை மறுநாள் காலை வரை அப்படியே இருப்பதைக் கொண்டு சொல்கிறேன்.

அடுத்தது விளக்கு. இரவில் திரை மங்கினாலும் ஒரு பச்சைப் புள்ளி எரிந்துகொண்டே இருக்கும். அப்பா அதன் மேல் துண்டைப் போட்டு மூடினார், துண்டு காற்று வெளியேறும் வாயையும் சேர்த்து மூடிவிட்டது. ஒரு துண்டு கறுப்பு ஒட்டுநாடாவில் அது முடிந்தது. பொத்தான்கள் தொடுதிரை வகை, அவர் விரல் காய்ந்திருப்பதால் நாலு முறை தொட்டால்தான் ஒரு முறை கேட்கும். அழுத்தும் பொத்தான் இருந்தால் வயதானவர்களுக்கு நல்லது.

பதினான்காம் மாதம் விசிறியில் கிறீச் என்று ஒரு சத்தம் வந்தது. உத்தரவாதம் இரண்டு ஆண்டு, அதனால் காசு வாங்கவில்லை. ஆனால் திரும்பக் கொடுக்க மூன்று வாரம் ஆனது, மாற்றுப் பெட்டி எதுவும் தரவில்லை. ஆகஸ்ட் செப்டம்பரில் பழுதானால் என்ன செய்வது என்ற கவலை எனக்கு இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம் தொடங்கும் ஜூன் மாதத்திலேயே ஒருமுறை திறந்து பார்த்து, உணரியின் சிறு துளையைப் பஞ்சுக் குச்சியால் துடைத்துவைக்கிறேன்.

மின்செலவைப் பற்றி அப்பா இன்னும் கவலைப்படுகிறார். நான் கூடத்துக்குப் போனதும் அணைத்துவிடுவார். நடு வேகத்தில் 15 வாட். நாள் முழுக்க, மாதம் முழுக்க ஓடினால் 11 யூனிட்டுக்குள், சுமார் 3 வெள்ளி. காகிதத்தில் எழுதிக் காட்டினேன். "ரெண்டு கோப்பிக் காசு"ன்னு சொன்னதும் ஒத்துக்கொண்டார், இருந்தும் பகலில் அணைக்கிறார். பூட்டு வசதி இருக்கிறது, அதைப் போட மனம் வரவில்லை. அவர் அறை அது.

இது வந்ததால் அப்பா தெம்பாக நடக்கிறார் என்றெல்லாம் எழுத மாட்டேன். மருந்து மாறியது, உப்புக் குறைந்தது, அவரும் நடையை மாற்றிக்கொண்டார். 2019-க்குப் பிறகு வார்டில் படுக்கவில்லை, அதற்கு இவை எல்லாமும் சேர்ந்துதான் காரணம். குறியீடு 100-ஐத் தாண்டும் நாளில் அவர் கீழே இறங்குவதில்லை, நான் தினமும் காலையில் கணுக்காலை அழுத்திப் பார்க்கிறேன், எடை பார்க்கிறேன். எடை இரண்டு நாளில் ஏறினால் மருந்தகத்துக்குத் தொலைபேசி. எப்படி இருக்கீங்கப்பா என்று கேட்பதும் உண்டு, ஆனால் பதிலை மட்டும் வைத்து அன்றைய நாளை முடிவு செய்வதில்லை. முகக்கவசம் பற்றிக் கேட்பீர்கள். சாதாரண அறுவைச் சிகிச்சைக் கவசம் நுண்துகளுக்கு உதவாது. என்95 போட்டால் அப்பாவுக்குக் கன்னம் ஒட்டியிருப்பதால் ஓரத்தில் இடைவெளி விழுகிறது, மூச்சு இழுக்கவும் சிரமம். இதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே போட வேண்டும்.

யாருக்குச் சொல்வேன்? வீட்டில் 65-ஐத் தாண்டியவர், அதிலும் இதய நோயோ நுரையீரல் நோயோ ரத்த அழுத்தமோ உள்ளவர் இருந்தால், அவர் தூங்கும் அறைக்கு ஒன்று, கூடத்துக்கு அல்லாமல் அந்த அறைக்கே. இந்த விலையில் கையைக் கடிக்கிறது என்றால் பெட்டிக்கு முன்னால் செய்ய வேண்டியவை இருக்கின்றன: ஊதுபத்தியைக் குறைப்பது, வறுக்கும்போது கதவை மூடுவது, செயலியைப் பார்த்து நடைநேரத்தை மாற்றுவது. இவற்றுக்குக் காசு வேண்டாம். இளையவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு அவசரமில்லை என்று நினைக்கிறேன்.

ஐந்துக்கு நாலு நட்சத்திரம். ஒன்றைக் குறைத்தது பழுதுபார்க்க எடுத்துக்கொண்ட அந்த மூன்று வாரத்துக்காகவும், உச்ச வேகத்து எண்ணை மட்டும் பெட்டி மேல் பெரிதாகப் போட்டதற்காகவும்.

போன வாரம் ஃபில்டர் மாற்றும் விளக்கு மறுபடி எரிந்தது. பழையதை எடுத்துப் பார்த்தேன், வாங்கும்போது வெள்ளையாக இருந்தது, இப்போது அடுப்புக்கரி நிறம். அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது எல்லாம் இந்த ரூம்லயா இருந்துச்சு?" என்று கேட்டார். புதியதன் பிளாஸ்டிக் உறையை அவரே கழற்றினார்.